மார்லிஸின் இடது கை

மணமுறிவுக்குப் பிறகு வெர்லினும் மார்லிஸும் பேசிக்கொண்டதே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகளில், மரியன்ஃபெல்ட் பள்ளி மைதானத்தில், ஊரே உட்கார்ந்து பார்க்க அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் கீழே புல்லில் நின்று கையால் சொல்வாள். அவன் பார்வையாளர் படிகளுக்கு மேலே, அறிவிப்பு செய்யும் பலகை அறையில் உட்கார்ந்து அதையே மைக்கில் வாயால் சொல்வான்.

மார்லிஸ் வாசிங்கர் ஃபுட்பால் நடுவர். அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற ஆட்டம். எங்கள் நாலு பேர் குழுவுக்கு அவள்தான் தலைவி. வெள்ளைத் தொப்பி அவளுக்கு, கறுப்புத் தொப்பி எங்கள் மூவருக்கு. பெரிய ஊர் ஆட்டங்களில் தலைமை நடுவரின் இடுப்பில் மைக் இருக்கும். என்ன தப்பு, யார் மேல் தப்பு என்று அவரே அறிவித்துவிடுவார். எங்கள் மேற்குக் கான்ஸஸில், பதினொரு பையன்களைத் திரட்ட வழியில்லாமல் எட்டு எட்டுப் பேராக ஆடுகிற பள்ளிகளில், அந்த மைக்குக்கு எங்கே போவது? விசில் ஊதி முடிந்ததும் தலைமை நடுவர் பலகை அறையைப் பார்த்துத் திரும்பி நின்று கையைக் காட்ட வேண்டும். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தால், எவனோ அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டான். ஒரு கை மற்றதன் மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்து இழுத்தான். மார்புக்கு முன்னால் கை கட்டிக்கொண்டால், நேரம் கடத்தினார்கள். இரண்டு கையும் நேராக வானத்துக்குப் போனால் டச்டவுன், ஆறு புள்ளி. அது தெரியாத குழந்தை எங்கள் பக்கத்தில் கிடையாது. மற்றவை பாதிப் பேருக்குப் புரியாது. வெர்லின் சொன்னால்தான் புரியும்.

வெர்லினுக்குத் தொழில் கால்நடைச் சந்தையில் ஏலம் விடுவது. சந்தையில் அவன் நாக்கு ஓடுகிற ஓட்டத்துக்கு மாடே மிரளும். மைதானத்தில் மட்டும் ஆள் வேறு. "பிடித்து இழுத்தது. மரியன்ஃபெல்ட். பத்து கஜம் பின்னால்." அவ்வளவுதான். சொந்த ஊர்ப் பையன்கள் மேல் தப்பு என்றாலும் குரலில் ஒரு சுருக்கம் இருக்காது. அவள் கையை இறக்குவதற்கும் அவன் வாயைத் திறப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது.

இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. மகள் டென்வருக்கு வேலைக்குப் போனதும் வீட்டில் பேச்சு வற்றிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க டிவியில் வானிலை அறிக்கை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். வசந்தம் வந்ததும் அவள் தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கிடங்கில்தான் அவளுக்கு வேலை, லாரிகளை எடை போடுவது. இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வகுப்பு. என் பெயர் ரோலண்ட் ஷுக்மன், ரோலி என்பார்கள், விதையும் தீவனமும் விற்கிறேன். ஆட்டத்தில் என் இடம் நடுவில், தடியன்கள் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் பின்னால். எனக்கு அதிகம் கை காட்டும் வேலை இல்லை, மிதிபடாமல் இருப்பதுதான் வேலை.

அந்த வருஷம் ஆகஸ்டில், பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் போய் இறங்கியபோது, மார்லிஸ் தன் வண்டியின் பின்கதவை மூடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பையை வலது கையில் பிடித்திருந்தாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய்க் கதவை இழுத்து மூடினேன்.

"என்ன ஆச்சு?"

"தோள் பிடிச்சுக்கிச்சு. இதுக்கு மேல போகாது." மார்பு உயரம் வரை தூக்கிக் காட்டினாள். அதற்கே முகம் வெளுத்தது.

"எப்போல இருந்து?"

"ஜூலை. கோதுமை அறுப்பு முடிஞ்ச கையோட."

"டாக்டர்ட்ட போனியா?"

"சோளம் அறுப்பு முடியட்டும். இப்ப லாரி வரிசை கட்டி நிக்குது."

"சோளம் முடியறதுக்குள்ள நம்ம பருவமே முடிஞ்சிரும், மார்லிஸ். டச்டவுன்னு எப்படிக் காட்டுவ?"

"யோசிச்சு வெச்சிருக்கேன்," என்றாள். அவள் யோசிக்காமல் வருகிற ஆள் இல்லை. "சைகை எல்லாத்தையும் ரெண்டாப் பிரிச்சிட்டேன். தோளுக்குக் கீழ ஒண்ணு, தோளுக்கு மேல ஒண்ணு. இழுத்தது, தாண்டினது, நேரம் கடத்தினது, மனுஷன் பண்ற சில்லறைத் தப்பெல்லாம் கீழதான். அதுக்கு எனக்குக் கை இருக்கு. டச்டவுனைக் கர்ட்டிஸும் நீலும் காட்டிருவாங்க, கோட்டோரம் அவங்கதானே நிக்கிறாங்க. கடிகாரத்தை நிறுத்தணும்னா நீ கையை வீசு. அடிதடின்னு வந்தா மட்டும், மார்புக்கு நேரா மணிக்கட்டைத் தட்டிக்கிறேன்."

"புத்தகத்துல தலைக்கு மேல தட்டணும்னு இருக்கு."

"புத்தகம் எழுதினவனுக்குத் தோள் நல்லா இருந்துருக்கும்."

கர்ட்டிஸும் நீலும் அண்ணன் தம்பிகள், ஒரே நிலத்தில் பயிர் செய்கிறவர்கள், எங்கள் குழுவில் ஆளுக்கொரு பக்கக்கோட்டில் நிற்பவர்கள். விஷயத்தைச் சொன்னதும் கர்ட்டிஸ் சரி என்றான். நீல், "எங்க பசு ஒண்ணுக்கும் இப்படித்தான் ஆச்சு," என்று ஆரம்பித்தான். மார்லிஸ் பார்த்த பார்வையில் பசுவின் கதை அங்கேயே நின்றது.

செப்டம்பர் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவள் சொன்னது சரிதான். சில்லறைத் தப்புகளுக்குத் தோள் தேவையில்லை. முதல் தடவை மரியன்ஃபெல்டில் ஆடியபோது மட்டும் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒரு பையன் விசிலுக்குப் பிறகு இன்னொருவனைத் தள்ளிவிட்டான். மார்லிஸ் பலகை அறையைப் பார்த்து, மார்புக்கு நேராக மணிக்கட்டை மணிக்கட்டால் தட்டினாள். மேலிருந்து சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, ஆனாலும் வெர்லின் தாமதித்து நான் பார்த்ததே இல்லை என்பதால் திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்து நின்று ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்து, "முரட்டு ஆட்டம். மரியன்ஃபெல்ட். பதினைந்து கஜம்," என்றான்.

மார்லிஸ் பந்தை எடுத்துக்கொண்டு பதினைந்து கஜத்தை அளந்து நடந்தாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் மரியன்ஃபெல்டுக்கும் ஸ்டோன் க்ரீக்குக்கும் ஆட்டம். இரண்டு ஊருக்கும் நடுவில் பதினெட்டு மைல், ஒரே தேவாலய வட்டம், பாதிப் பேர் சம்பந்திகள். அதனால்தான் அந்த ஆட்டத்தில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிக்கப் வண்டிகள் மத்தியானமே வந்து மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நின்றுவிட்டன. ஜெயிக்கிற பக்கம் கைதட்டாது, ஹாரன் அடிக்கும். தின்பண்டக் கடையில் தாய்மார்கள் பீராக் விற்றார்கள், உள்ளே மாட்டிறைச்சியும் கோசும் வைத்துச் சுட்ட ரொட்டி. அந்த வாசனை காற்றோடு சேர்ந்து எங்கள் வரைக்கும் வந்தது. வடக்குக் காற்று. மைதானத்துக்கு அப்பால் யாரோ இன்னும் சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தூசி விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாக மிதந்தது.

கடைசிக் கால் பகுதியில், ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது, மரியன்ஃபெல்ட் முப்பது, ஸ்டோன் க்ரீக் இருபத்தாறு. பந்து மரியன்ஃபெல்டிடம். சும்மா வைத்துக்கொண்டு மண்டி போட்டு நேரத்தைக் கழித்திருந்தால் ஆட்டம் அவர்களுடையது. கோச் லெக்லைட்டருக்கு அது போதவில்லை. இன்னொரு டச்டவுன் போட்டு ஸ்டோன் க்ரீக்கின் வாயை அடைக்க வேண்டும் என்று ஆசை. பந்தை எறியச் சொன்னார். எறிந்த பந்து நேராக ஸ்டோன் க்ரீக்கின் இருபத்திரண்டாம் நம்பர் பையனின் கையில் போய் உட்கார்ந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடினான்.

இந்த மாதிரி பந்து கைமாறித் திரும்பி ஓடும்போது நடுவர்கள் நிற்கும் இடமும் தலைகீழாகிவிடும். முன்னால் நின்ற நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஆகிவிடுவோம். எறிகிறவனுக்குப் பின்னால் நிற்கும் தலைமை நடுவர் ஒருத்திதான் அந்தப் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் போய்ச் சேர முடியும். மார்லிஸ் திரும்பி ஓடினாள். ஐம்பத்து நாலு வயதில் அப்படி ஓடியதை நான் பார்த்துக்கொண்டே பின்னால் மூச்சிரைக்க வந்தேன். கர்ட்டிஸும் நீலும் எனக்கும் பின்னால்.

மூலையில் மரியன்ஃபெல்ட் பையன்கள் இரண்டு பேர் அவனைப் பிடித்துவிட்டார்கள். அவன் பந்தை முன்னால் நீட்டியபடி பாய்ந்தான். விழுந்தான். பந்து கையிலிருந்து தெறித்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் உருண்டு, பின்பக்கமாக வெளியே போனது.

இதில் இரண்டே தீர்ப்புதான் உண்டு. பந்து அவன் கையில் இருக்கும்போதே கோட்டைத் தொட்டிருந்தால் டச்டவுன், ஸ்டோன் க்ரீக் முன்னால் போய்விடும். கோட்டுக்கு முன்பே கை நழுவியிருந்தால் புள்ளி கிடையாது, பந்து மரியன்ஃபெல்டுக்கு, ஆட்டமும் மரியன்ஃபெல்டுக்கு. அதை டச்பேக் என்பார்கள். முதலாவதுக்குச் சைகை இரண்டு கையும் மேலே. இரண்டாவதுக்கு ஒற்றைக் கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும்.

மார்லிஸ் கோட்டின் மேலேயே நின்றிருந்தாள். விசில் ஊதினாள். கையை உயர்த்தினாள்.

வலது கை மேலே போனது. இடது கை மார்பு வரை வந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இன்னும் தூக்கப் பார்த்தாள், அந்த வலியில் உடம்பு சாய்ந்து, மேலே போயிருந்த வலது கை காற்றில் ஆடியது. தூரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? உயர்த்திய ஒற்றைக் கை, ஆடுகிறது.

மரியன்ஃபெல்ட் பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பள்ளி வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியது. லெக்லைட்டர் தன் உதவியாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானே அரை மனதோடு டச்பேக் என்றுதான் நினைத்தேன். அவளுடைய தோள் எனக்குத் தெரியும் என்றாலும்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"டச்டவுன்," என்றான் வெர்லின். "ஸ்டோன் க்ரீக்."

ஒவ்வொரு ஹாரனாக நின்றது. காது கேட்காத கிழவர் ஒருவரின் வண்டி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது, யாரோ போய்க் கண்ணாடியைத் தட்டி நிறுத்தினார்கள். பிறகு கூச்சல் எழுந்தது, எங்களைப் பார்த்து இல்லை, பலகை அறையைப் பார்த்து. அவன் கண் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். யார் சோற்றைத் தின்கிறான் என்று கேட்டார்கள். பழைய பெண்டாட்டி கூப்பிட்டால் போய்விடுவாயா என்று ஒருவன் கத்தினான்.

லெக்லைட்டர் மைதானத்துக்குள் பாதி தூரம் வந்துவிட்டார். நாங்கள் மூவரும் அதற்குள் மார்லிஸ் பக்கத்தில் போய் நின்றோம்.

"மேடம், நீங்க டச்பேக் காட்டினீங்க. ஒத்தைக் கை. ஊரே பாத்துச்சு."

"டச்டவுன் காட்டினேன், கோச்."

"டச்டவுனுக்கு ரெண்டு கை."

"என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான்," என்றாள். "இன்னொண்ணு இதுக்கு மேல வராது. தோள் பிடிச்சிருக்கு. பந்து கோட்டைத் தாண்டறப்ப அவன் கையில இருந்துச்சு. விரல் அஞ்சும் பந்து மேல. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தப்புறம்தான் கீழ விழுந்துச்சு. நான் ரெண்டடி தூரத்துல நின்னேன்."

லெக்லைட்டர் அவள் இடது கையைப் பார்த்தார். அதை அவள் வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அவர் நல்ல மனிதர்தான், அந்த நேரத்தில் அதைக் காட்ட அவருக்கு வசதிப்படவில்லை. "கையில்லாத ஆளு ஏன் தொப்பியை மாட்டிக்கிட்டு வரணும்?" என்றார்.

"அது நியாயமான கேள்வி. திங்கக்கிழமை அதைக் கேக்க வேண்டியவங்ககிட்ட கேளுங்க," என்றாள் மார்லிஸ். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரோலி, எனக்காக நீ தூக்கு. எல்லாருக்கும் தெரியற மாதிரி."

நான் பலகை அறையைப் பார்த்து நின்று இரண்டு கையையும் உயர்த்தினேன். முப்பது வருஷமாக நடுவர் வேலை பார்க்கிறேன், என் கைகள் அவ்வளவு கனமாக இருந்ததில்லை. மேலே ஜன்னலில் வெர்லின் தலையசைத்தான். மறுபடி மைக்கில் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னது போதும் என்று நினைத்திருப்பான்.

கூடுதல் புள்ளிக்கு ஸ்டோன் க்ரீக் முயன்று தவறவிட்டது. மிச்சமிருந்த சில வினாடிகளில் மரியன்ஃபெல்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முப்பத்திரண்டு, முப்பது.

ஆட்டம் முடிந்தால் நடுவர்களுக்குப் பள்ளிச் சமையலறையில் சாப்பாடு உண்டு, காரமான பீன்ஸ் குழம்பும் பட்டை மணக்கும் இனிப்புச் சுருள் ரொட்டியும். அன்றைக்கு அங்கே உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. காகிதத் தட்டில் கட்டி வாங்கிக்கொண்டு வண்டிகளிடம் வந்தோம். குளிர் ஏறியிருந்தது. மார்லிஸ் மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வலது கையை நுழைத்துவிட்டு, இடது கைக்கு வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். உதவலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வெர்லின் வந்தான். மைதானத்தைக் குறுக்கே கடந்து, தொப்பியை இறக்கி மாட்டிக்கொண்டு, தன்பாட்டுக்கு நடந்து வந்தான்.

"கழட்டு," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"கோட்டைக் கழட்டு. வராத கையை முதல்ல விடணும். நல்ல கை எப்படி வேணா வளையும்."

அவள் கழற்றினாள். அவன் கோட்டை இடுப்பு உயரத்தில் தாழ்த்திப் பிடித்தான். இடது கை உள்ளே போனது. பிறகு வலது. பொத்தானை அவளே போட்டுக்கொண்டாள்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ போனப்புறம், மூணு வருஷம் முன்னாடி ஒரு காளை என்னை வேலியோட வெச்சு நசுக்கிருச்சு. ஆறு மாசம் சட்டை போட ததிங்கிணத்தோம் போட்டேன்."

"எனக்குத் தெரியாதே."

"நீ கேக்கலை. நான் சொல்லலை."

நானும் கர்ட்டிஸும் நீலும் வண்டியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நீல் குழம்பைக்கூடத் தின்னாமல் நின்றான்.

மார்லிஸ் கேட்டாள், "நீ இருக்கிற தூரத்துக்கு டச்பேக்னுதான தெரிஞ்சிருக்கும். எப்படிச் சொன்ன?"

"வலது கையை நான் பாக்கலை." அவன் கிடங்குப் பக்கம் பார்த்தபடி பேசினான். "இடது கையைத்தான் பாத்தேன். டச்பேக்குக்கு இடது கைக்கு வேலையே கிடையாது, சும்மா தொங்கும். உன்னோடது மேல வரணும்னு தவிச்சுச்சு. போன மாசமே அந்தக் கையில ஏதோ இருக்குன்னு தெரியும். சந்தையில தூக்கின கையை எவன் வேணா பாப்பான். தூக்கலாமா வேண்டாமான்னு கிடக்கிற கையைப் பாக்கிறவன்தான் ஏலக்காரன்."

"தப்பா இருந்திருந்தா?"

"நீ ஓடி வந்து என்னைத் திட்டியிருப்ப. அதுவும் நல்லதுதான்."

அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது. மூக்கு வழியாக ஒரு மூச்சு வந்தது. "ஊரு உன்னைச் சும்மா விடாது, வெர்லின்."

"ஊரு ஒரு வாரம் பேசும். நீ டாக்டரைப் பாரு. சோளம் அறுப்புக்குக் காத்திருக்காத. நான் காத்திருந்து கெட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. போ, குளிருது."

அவன் போனான். நீல், "இப்ப சாப்பிடலாமா?" என்றான்.

ஊர் ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம் பேசியது. சனிக்கிழமை காலை காபிக் கடைக்குள் வெர்லின் நுழைந்தான். அவன் காபியை வாங்கிக்கொண்டு வழக்கமான மேஜையில் உட்கார்ந்தான், அந்த மேஜையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலை நினைவு வந்து எழுந்தார்கள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். புதன்கிழமை சந்தையில் அவன் ஏலமேடையில் யாரோ ஒரு பழைய மூக்குக் கண்ணாடியை வைத்திருந்தார்கள், சோடா பாட்டில் அடி மாதிரி கனமான கண்ணாடி. வெர்லின் அதை எடுத்து மாட்டிக்கொண்டான். முதல் கன்றுக்குட்டியை உள்ளே விட்டார்கள். "அடேயப்பா, நல்ல யானை," என்று ஏலத்தை ஆரம்பித்தான். சந்தையே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு அவனோடு பேசாமல் இருப்பது கஷ்டம் என்று பலருக்கும் ஆகிவிட்டது. லெக்லைட்டர் மட்டும் நவம்பர் வரை முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பந்தை ஏன் எறியச் சொன்னாய் என்று அவர் பெண்டாட்டியே கேட்டுவிட்டதாகக் கேள்வி.

மார்லிஸ் சொன்னபடியே லெக்லைட்டர் திங்கட்கிழமை நடுவர் சங்கத்துக்குப் போன் செய்திருந்தார். சங்கத்திலிருந்து மார்லிஸைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தீர்ப்பில் யாரும் குறை சொல்லவில்லை. ஸ்டோன் க்ரீக் பையனின் அம்மா எடுத்த படத்தில் பந்து எங்கே இருந்தது என்று தெளிவாகவே தெரிந்தது. ஆனால் கை மேலே போகிற வரைக்கும் வெள்ளைத் தொப்பி வேண்டாம் என்றார்கள். அவள் வாதாடவில்லை.

"அவங்க சொல்றது சரிதான், ரோலி," என்றாள் என் கடைக்கு வந்து. "நான் பாத்தது எனக்குத் தெரிஞ்சா போதாது. கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கும் தெரியணும். அதுக்குத்தானே கை." தொப்பியைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள். "இது உனக்கு. நான் உன் இடத்துல நிக்கிறேன்."

"என் தலைக்கு இது பத்தாது."

"பின்னாடி பட்டை இருக்கு. தளர்த்திக்கோ."

அவள் டாக்டரைப் பார்த்தாள். அவர் ஒரு பயிற்சிக்காரியிடம் அனுப்பினார். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே மேலே நடத்த வேண்டும், வலிக்கிற இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டு இன்னும் கொஞ்சம். எடை போடும் அறையில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அவள் அதைச் செய்வாள். சோளம் ஏற்றி வரும் லாரிக்காரர்கள், "மார்லிஸ், அந்தப் பக்கம் என்ன தேடற?" என்று கேட்டார்கள். "என் கையை," என்று பதில் சொல்லிவிட்டு எடையைப் படிப்பாள். நவம்பரில் கை காதுவரை வந்தது. மார்ச்சில் சமையலறை மேல்தட்டிலிருந்து தட்டு எடுக்க முடிந்தது. அடுத்த பருவத்தில் தொப்பியை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள், நான் சந்தோஷமாகக் கொடுத்தேன். கை காட்டுவது என் தொழில் இல்லை என்பது அதற்குள் எனக்கும் தெரிந்துவிட்டது, மாவட்டத்துக்கும் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், அவளுக்குத் தோள் பிடித்த அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் மரியன்ஃபெல்டில்தான். நான் வெள்ளைத் தொப்பியில். மார்லிஸ் என் பழைய இடத்தில், தடியன்களுக்கு நடுவில். பையன்கள் அவள் மேல் மோதாமல் இருக்கக் காட்டிய கவனத்தில் ஆட்டமே மென்மையாகிவிட்டது. முதல் தப்பு விழுந்தது. நான் பலகை அறையைப் பார்த்து நின்றேன். கோட்டைத் தாண்டினான் என்று காட்ட இடுப்பில் கை வைக்க வேண்டும். பதற்றத்தில் மார்பில் கட்டிக்கொண்டேன், தப்பு என்று தெரிந்து அவிழ்த்தேன், மணிக்கட்டைப் பிடித்தேன், அதுவும் இல்லை என்று விட்டு, கடைசியில் இடுப்பில் வைத்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "நடுவர் ஏதோ சொல்கிறார்," என்றான் வெர்லின் அதே நிதானமான குரலில். "புரிந்ததும் தெரிவிக்கிறேன்."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். லெக்லைட்டர்கூடப் பல்லைக் காட்டினார். மார்லிஸ் என்னிடம் வந்து, "மூச்சு விடு. ஒரு சைகைக்கு ஒரு மூச்சு. அவசரம் ஒண்ணும் இல்லை, அவன் காத்திருப்பான்," என்றாள்.

இடைவேளையில் நடுவர்கள் ஒரு சின்ன அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது வழக்கம். நானும் கர்ட்டிஸும் நீலும் போனோம். மார்லிஸ் வரவில்லை. அறையின் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் மைதானத்தைக் கடந்து பார்வையாளர் படிகளுக்குக் கீழே போய், பலகை அறை ஜன்னலுக்கு நேராக அண்ணாந்து நின்றாள். வெர்லின் ஜன்னலிலிருந்து வெளியே சாய்ந்தான். என்னவோ பேசினார்கள். வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கையால் ஏதோ பெரிய உருளை மாதிரி அளவு காட்டினான். அவள் இல்லை என்று தலையாட்டி, இன்னும் சின்னதாக ஒரு அளவு காட்டினாள். அவன் மறுத்தான். படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பீராக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தடவை மேலேயும் ஒரு தடவை கீழேயும் பார்த்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது நீலால் பொறுக்க முடியவில்லை. "என்ன சொன்னான்?"

"அவன் வீட்டு வெந்நீர்த் தொட்டி ஒழுகுதாம். புதுசு வாங்கணுமாம்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"தனி ஆளுக்கு அவ்வளவு பெரிய தொட்டி எதுக்குன்னு நான் சொன்னேன். மக வந்தா வேணுமேங்கிறான்." தண்ணீர் புட்டியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். "இன்னும் முடியலை. ஆட்டம் முடிஞ்சப்புறம் மிச்சத்தைப் பேசறோம்."

அதற்குள் இரண்டு அணியும் மைதானத்துக்கு வந்துவிட்டன. நான் தொப்பியின் பட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தேன்.